சமையலறை ரெஃபரி

மைசூரு
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதிமணி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். மகள் ரூபா மங்களூரு ஹாஸ்டலிலிருந்து வாரம் ஒரு தடவை பேசுகிறாள். அண்ணிக்கு முட்டிவலி தேவலையா? ராமாபுரத்தில் மழை இறங்கியதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் நான் போனை எடுத்தால் ஹாலில் டிவி சத்தம் குறைகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் மைசூரிலேயே பிறந்து கன்னடத்தில் படித்தவர், தமிழ் பேசத்தான் வரும். நம் எழுத்தை மேஜைமேல் விரித்து வைத்தாலும் அவருக்கு அது கோலம்தான். அத்தைக்கு எந்த எழுத்தும் தெரியாது. நாம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு பலன் கிடைத்திருக்கிறது.

விஷயம் இதுதான். நான் கபடி ரெஃபரி பரீட்சை எழுதப்போகிறேன். சிரிக்காதீர்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பள்ளி மைதானம் இருக்கிறது. அங்கே பெண்பிள்ளைகள் ஆடும்போது வேலியோரம் நின்று பார்ப்பேன். ஒருநாள் கபடி பாடி எதிர்ப்பக்கம் போன ஒரு பிள்ளையைத் தப்பாக அவுட் கொடுத்தார்கள். வாய் சும்மா இருக்குமா? "அவ தொட்டதுக்கு அப்புறம்தானுங்க ஓரக்கோட்டைத் தாண்டினா" என்று கத்திவிட்டேன். விளையாட்டு டீச்சர் பிரதிபா என்னை உள்ளே கூப்பிட்டு விசாரித்தார். பெண் ரெஃபரி கிடைக்காமல் எல்லா ஊரிலும் திண்டாடுகிறார்களாம். வயது நாற்பத்துமூன்று ஆனாலும் பரவாயில்லையாம். பரீட்சை பிப்ரவரியில், மண்டியாவில்.

சட்டத்தைப் புத்தகத்தில் படித்துவிடலாம். கண்ணுக்குத்தான் பழக்கம் வேண்டும். ஒரே பாட்டை, அதாவது ஒருவர் கபடி பாடிப் போய்த் திரும்புவதை, பலதடவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார் டீச்சர். ஹால் டிவி சாயங்காலம் அத்தைக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு. எனக்கு விளம்பரம் மட்டும்தான். அதனால் எங்கள் கட்டண டிஷ் பெட்டியில் பென்டிரைவ் சொருகி ஒரு ஆட்டத்தைப் பதிவு செய்தேன். பெட்டியில் நன்றாக ஓடுகிறது. சமையலறையில் ரூபாவின் பழைய டேப்லெட்டில் போட்டால் வெறும் கறுப்பு. ராமாபுரத்தில் பாதி வீட்டுக்கு டிஷ் மாட்டியவர் நீங்கள், உங்களை விட்டால் யாரைக் கேட்பேன்?

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அண்ணிக்கு என் விசாரிப்பு.
தங்கை ஜோதிமணி


ராமாபுரம்
21 ஜூன் 2024

அம்மிணி ஜோதிமணிக்கு,

அண்ணன் பசவராஜ் ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. மழை இரண்டு நாள் பெய்து நின்றுவிட்டது. அண்ணிக்கு வலி அப்படியே இருக்கிறது, தைலம் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது.

சிரிக்காதே என்று எழுதினாய், அதனாலேயே சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன். சிரிக்க ஒன்றுமில்லை.

கட்டணப் பெட்டி எதைப் பதிந்தாலும் பூட்டிப் பதியும். அந்தப் பெட்டியில் மட்டுமே திறக்கும். பூட்டை உடைக்கிற வேலை நான் செய்வதில்லை, நீயும் கேட்காதே. ஆனால் இலவச டிஷ்ஷில் பூட்டு கிடையாது. அதிலும் கபடி வருகிறது. அந்தப் பெட்டி எழுதும் ஃபைல் டேப்லெட், போன், டிவி எதிலும் ஓடும். ஒரு சின்ன டிஷ், பெட்டி, ஹார்ட் டிஸ்க் மூன்றும் என் கடையில் இருக்கிறது. உங்கள் வீட்டு வைஃபை ரூட்டரின் முதுகில் பென்டிரைவ் சொருகும் ஓட்டை இருக்கிறதா என்று பார். இருந்தால் ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டிவிடலாம். நீ சமையலறையிலிருந்தே வேண்டிய ஆட்டத்தை எடுத்துப் பார்ப்பாய்.

ஜூலை முதல் வாரம் வந்து மாட்டித் தருகிறேன். மாப்பிள்ளை கேட்டால் அத்தைக்குப் பக்தி சேனல் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை, அதுவும் வரும்.

ஆனால் அவரிடம் எப்போது சொல்வதாக இருக்கிறாய்?

இப்படிக்கு,
பசவராஜ்


மைசூரு
18 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் பஸ்ஸில் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தது அண்ணி போனில் சொல்லித் தெரிந்தது. நீங்கள் விட்டுப்போன ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது, தரமாட்டேன்.

எல்லாம் ஓடுகிறது. மத்தியானம் பெட்டியில் பதிய வைக்கிறேன். முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுபோய் ரூட்டரில் மாட்டுகிறேன். பால் கறக்க மாட்டை இடம் மாற்றிக் கட்டுவது போலத்தான். டேப்லெட்டை மாவு டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொள்கிறேன். ஒரு கை கரண்டியில், ஒரு கை டேப்லெட்டில். பாடிப்போகிறவன் ஆளைத் தொடுவதற்கு முன் ஓரக்கோட்டுக்கு அப்பால் இருக்கும் லாபி என்ற பட்டைக்குள் கால் வைத்தால் அவன் அவுட். தொட்ட பிறகு வைத்தால் ஆட்டம் தொடரும். இந்த முன்னும் பின்னும் கண்சிமிட்டும் நேரம்தான். முதல் வாரம் பத்தில் ஐந்து தப்பு. இப்போது பத்தில் இரண்டு. குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறேன், ஆனாலும் குதிரை ஓடுகிறது அண்ணா.

பிரதிபா டீச்சர் இன்னொன்று சொன்னார். தீர்ப்பு சரியாக இருந்தாலும், சொல்லும்போது தயங்கினால் மார்க் போய்விடுமாம். அதனால் மார்க்கெட்டில் ஒரு விசில் வாங்கினேன். அத்தை கோயிலுக்குப் போன பிறகு ஊதுகிறேன், கையைத் தூக்கிச் சத்தமாகச் சொல்கிறேன். என் கை சரியாக எழும்புகிறதா என்று பார்க்கப் போனில் வீடியோவும் எடுத்துக்கொள்கிறேன். போனில் இடமில்லாததால் அதையும் ஹார்ட் டிஸ்க்கிலேயே போட்டுவிடுகிறேன்.

ஒரு தொல்லை. நீளமான ஆட்டமென்றால் நடுவில் ஃபைல் தீர்ந்து, மிச்சம் வேறு ஃபைலாக விழுகிறது. மாவுக்கையோடு அதைத் தேடித் திறப்பதற்குள் பொரியல் அடிபிடிக்கிறது. வழி சொல்லுங்கள்.

அவரிடம் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை ஜோதிமணி


ராமாபுரம்
5 ஆகஸ்ட் 2024

அம்மிணிக்கு,

இங்கே அனைவரும் நலம். ஆடி நோன்புக்கு நீ வரவில்லை என்று அண்ணிக்குக் குறை.

ஃபைல் துண்டாவது என் தப்பு. ஹார்ட் டிஸ்க்கைப் பழைய முறையில் தயார் செய்துவிட்டேன், அதில் பெரிய ஃபைல் ஒரேயடியாக விழாது. அதை மாற்றப் போனால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வரிசையாகப் போட்டு வை. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும், நீ கையை வைக்க வேண்டியதில்லை.

ரூட்டரில் மாட்டியது வீட்டு வைஃபையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் தெரியும். ஹால் டிவிக்கும் தெரியும். நினைவில் வை.

சொல்ல நேரம் பார்ப்பது போதும். சொல்லிவிடு.

பசவராஜ்


மைசூரு
15 அக்டோபர் 2024

அண்ணா,

உடம்புக்கு எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். மற்றதைச் சொல்கிறேன்.

தசரா ஊர்வலத்தை நேரில் பார்க்க அத்தைக்கு இப்போது கால் ஒத்துழைப்பதில்லை. "என்ற அம்மன் யானைமேல வர்றதைப் புடிச்சு வை, ஜோதி" என்றார். புடித்து வைத்தேன், அதே டிஸ்க்கில், நீங்கள் சொன்ன அதே ஃபோல்டரில். மறுநாள் ஞாயிறு உங்கள் மாப்பிள்ளையின் மேலதிகாரியும் அவர் மனைவியும் பொம்மைக் கொலு பார்க்க வந்தார்கள். ஊரில் இல்லாததால் ஊர்வலம் பார்க்கவில்லை என்று அந்த அம்மா சொன்னதும் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. ஹால் டிவியில் போட்டுக் காட்டச் சொன்னார். நான் போட்டுவிட்டு பஜ்ஜி போடப் போனேன்.

யானை போயிற்று. குதிரைப்படை போயிற்று. ஊர்வலம் முடிந்தது. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும் அல்லவா, ஓடியது. நைட்டியில் நான், தோளில் துண்டு, வாயில் விசில். அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் கையை உயர்த்தி "ரைடர் அவுட்" என்கிறேன். பின்னால் குக்கரும் விசில் அடிக்கிறது. நான் குக்கரைத் திரும்பிப் பார்த்து முறைக்கிறேன். நாற்பது இஞ்ச் டிவியில்.

சமையலறையில் என் குரலை நானே கேட்டு ஓடிவந்தேன். மேலதிகாரி இருமுவது போலச் சிரித்தார். அந்த அம்மா, "ஏதாவது நாடகமா?" என்று கேட்டார். உங்கள் மாப்பிள்ளைக்கு ரிமோட் கையில் இருந்தும் பொத்தான் தெரியவில்லை. எனக்கும் கூசிப்போயிற்று அண்ணா, இல்லையென்று சொல்லமாட்டேன்.

அவர்கள் போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சை, டீச்சர், டிஷ், எல்லாம். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "ஆம்பளைங்க ஆடற இடத்துல பேன்ட் போட்டுட்டு விசில் ஊதப் போறியா? நாளைக்கு ஆபீசுல நான் எப்படி தலை நிமிந்து நடக்கறது?" நேராகத்தான் நடக்க வேண்டும் என்றேன். டிஸ்க்கைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவர் சட்டைப்பையில்.

சிரிப்பாக ஒன்று. இன்று காலை அத்தை அவரைப் பிடித்துக்கொண்டார். "என்ற சாமியும் அதுக்குள்ளதான்டா இருக்குது நஞ்சுண்டா. பூட்டி வெச்சா நான் எதைப் பாக்கறது?" அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஆபீஸ் கிளம்பிவிட்டார். எனக்குத் திருட்டுச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தப்பு செய்தவள் போல என்னை நடத்துகிறார்கள். என்ன தப்பு என்று எத்தனை யோசித்தும் தெரியவில்லை. அவரிடம் முன்னாலேயே சொல்லாததைத் தவிர. பரீட்சை எழுதத்தான் போகிறேன்.

உடனே பதில் போடுங்கள்.
ஜோதிமணி


ராமாபுரம்
3 நவம்பர் 2024

தங்கை ஜோதிமணிக்கு,

இங்கே அனைவரும் நலம். தீபாவளி வந்து போயிற்று. பதில் போடத் தாமதமாகிவிட்டது, கடையில் வேலை.

யோசித்துப் பார்த்தேன். குடும்பம் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும். ஆபீசில் நாலு பேர் மதிக்கிற ஆளுக்குத் தலைகுனிவு வரக்கூடாது. ரூபாவுக்கு நாளைக்கு நல்ல இடம் பார்க்க வேண்டும். இந்த வயதில் இந்தப் பரீட்சை அவசியமா என்று நீயே நினைத்துப் பார். கொஞ்ச நாள் ஆறப்போடு.

அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

பசவராஜ்


மைசூரு
9 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

சுகம். அங்கேயும் சுகமாக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கையெழுத்து உங்களுடையது, பேச்சு உங்களுடையது இல்லை. "நாலு பேர் மதிக்கிற ஆள்", "தலைகுனிவு", இதெல்லாம் நான் இந்த ஹாலில் தினமும் கேட்கிறது. தீபாவளிக்கு மறுநாள் உங்கள் மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக ஹனூர் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஹனூரிலிருந்து ராமாபுரம் எத்தனை தூரம் அண்ணா? வந்தார், காபி குடித்தார், பேசினார். நீங்கள் தலையாட்டினீர்கள். வந்ததை எனக்கு எழுதக்கூட உங்களுக்குக் கை வரவில்லை.

தங்கையைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்தீர்கள், அதுதானே? அனுப்பமாட்டார். அனுப்பினால் அத்தைக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்க ஆளில்லை. அப்படியே அனுப்பினாலும் நான் உங்கள் வீட்டுக்கு வந்து சோற்றுக்கு நிற்கமாட்டேன். நிம்மதியாக இருங்கள்.

ரூபாவிடம் கேட்டேன். "கபடின்னா வேண்டாம்னு சொல்ற எடம் எனக்கு வேண்டாம்மா" என்றாள். அந்தக் கவலையும் உங்களுக்கு வேண்டாம்.

நான் கேட்டது புத்தி இல்லை. ஆட்டம் பார்க்க வழி கேட்டேன். அதை நீங்கள் செய்து கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. இனி எனக்கு வழி நானே பார்த்துக்கொள்வேன். தினமும் சாயங்காலம் பள்ளி மைதானத்துக்குப் போகிறேன், வேலிக்கு உள்ளேதான் நிற்கிறேன். பிள்ளைகள் ஆட்டத்துக்கு நான் விசில் ஊதுகிறேன். ஆனால் பெரிய ஆட்டக்காரர்களின் வேகம் பிள்ளைகளிடம் இல்லை. மறுபடி தப்பு வருகிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜோதிமணி


ராமாபுரம்
22 டிசம்பர் 2024

அம்மிணி ஜோதிமணிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். மார்கழிக் குளிர் இந்த வருஷம் அதிகம். அண்ணிக்கு வலி கூடியிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இத்துடன் பார்சலில் ஒரு ஹார்ட் டிஸ்க் வரும். கடைப் பெட்டியில் நவம்பர் பாதியிலிருந்து வந்த ஆட்டமெல்லாம் பதிந்திருக்கிறேன். ஆண்கள் ஆட்டம் ஒரு ஃபோல்டர், பெண்கள் ஆட்டம் ஒரு ஃபோல்டர். இந்தத் தடவை டிஸ்க்கைப் புது முறையில் தயார் செய்தேன், ஃபைல் துண்டாகாது. லாபியில் சண்டை வருகிற இடங்களை மட்டும் வெட்டித் தனியாக வைத்திருக்கிறேன். வெட்டும்போது நானும் தீர்ப்புச் சொல்லிப் பார்த்தேன். பாதி தப்பு.

ரூட்டருக்குக் கடவுச்சொல் போடும் முறையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். போட்டுவிட்டால் உன் டேப்லெட்டைத் தவிர வேறு எதிலும் தெரியாது. ஹால் டிவியிலும் தெரியாது.

வேறு விசேஷம் இல்லை.

பசவராஜ்


மைசூரு
6 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்சல் வந்தது. அண்ணிக்கு இங்கே ஒரு நல்ல எலும்பு டாக்டர் இருக்கிறார், பொங்கல் கழிந்து கூட்டி வாருங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்டதெல்லாம் டிஸ்க்கில் இருந்தது. நன்றாக அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு ரூட்டரில் மாட்டினேன்.

கடவுச்சொல் போடவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? ஊரைக் கூட்டி என்னைப் பார்த்தாயிற்று. இனி எதை ஒளிக்க? சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து, அத்தை சீரியல் முடிந்ததும் ஹால் டிவியிலேயே போட்டேன். அத்தை முணுமுணுத்தார். மூன்றாம் நாள் முணுமுணுப்பு நின்றது. இப்போது என்னோடு வாதாடுகிறார். "அவன் தொடவே இல்ல, உனக்குக் கண்ணு பொட்டையா?" என்கிறார். நிறுத்திப் பின்னால் ஓட்டிக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார். உங்கள் மாப்பிள்ளை வந்தால் செருப்பைக் கழற்றி நேரே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். டிஸ்க்கை அவர் தொடவில்லை. தொட்டால் அத்தை விடமாட்டார்.

ஆனால் தடை வேறு வழியில் வந்திருக்கிறது. பரீட்சை பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிறு. அன்றைக்கே அவர் அக்கா மகள் சைத்ராவின் நிச்சயதார்த்தம், இதே மைசூரில். மாமன் வீட்டுச் சீர்த்தட்டை மாமன் பெண்டாட்டிதான் எடுத்துப் போக வேண்டும். "நீ வரலேன்னா என் மனுஷங்க முன்னாடி நான் என்ன சொல்றது?" என்று கேட்கிறார். இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு நாள் மனசு அல்லாடியது.

சைத்ராவையே பார்க்கப் போனேன். "போயிட்டு வாங்கத்தே, தட்டுக்கு என்ன, கல்யாணத்துக்கு எடுத்துட்டு வாங்க" என்றாள். தட்டுகளை முதல் நாளே கட்டி வைத்துவிடுவேன். இந்தப் பரீட்சையை விட்டால் இனி அடுத்த வருஷம்தான். நான் மண்டியா போகிறேன்.

தங்கை ஜோதிமணி


ராமாபுரம்
20 ஜனவரி 2025

அம்மிணிக்கு,

நலம். பொங்கலுக்கு மாடு இரண்டையும் குளிப்பாட்டி அண்ணியே பொட்டு வைத்தாள், வலியோடு.

மண்டியாவுக்கு நான் துணைக்கு வரட்டுமா? மைதானத்துக்குள் வரமாட்டேன், வெளியே டீக்கடையில் இருப்பேன்.

நீ நவம்பரில் எழுதியது எல்லாம் சரி.

பசவராஜ்


மைசூரு
4 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மண்டியாவிலிருந்து நீங்கள் ராமாபுரம் பஸ் ஏறின பிறகு நடந்ததை எழுதுகிறேன். குளிர்காற்றில் நாள் முழுக்க டீக்கடை பெஞ்சில் இருந்தீர்களே, இருமல் குறைந்ததா?

மைதானத்தில் நடந்ததை உங்களிடம் சரியாகச் சொல்லவில்லை. அப்போது உங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கடைசிப் பாட்டில் உள்ளூர்ப் பையன் தொடுவதற்கு முன் லாபியில் கால் வைத்தான். அவுட் கொடுத்தேன். கூட்டம் முழுக்கக் கத்தியது. பரீட்சை எடுத்த பெரியவர் பக்கத்தில் வந்து, "மேடம், நிச்சயமா? இன்னொரு தடவை யோசிக்கலாம்" என்றார். சோதிக்கிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று முகத்தில் தெரியவில்லை. அங்கே நிறுத்திப் பின்னால் ஓட்டிப் பார்க்க ஒன்றும் கிடையாது. "நிச்சயம் சார், அவுட்" என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று இந்த நிமிஷம் வரை தெரியாது.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். நிச்சயதார்த்தம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்குக் காபிக்கு வந்திருந்தார்கள். வாசல் நிறையச் செருப்பு. உள்ளே போனால் ஹாலில் உட்கார இடமில்லை. நான் பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும், முட்டி வரை செம்மண்ணுமாக நிற்கிறேன். அவர் அக்கா எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல்னு படுத்திருக்கேன்னு நஞ்சுண்டன் சொன்னானே, ஆஸ்பத்திரியிலிருந்தா வர்றே?"

உங்கள் மாப்பிள்ளை அக்காவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை அண்ணா, கெஞ்சினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அவர்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. ஆனால் ஒரு தடவை காய்ச்சல் என்று ஒப்புக்கொண்டால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எனக்குக் காய்ச்சல் வர வேண்டும்.

"எனக்குக் காய்ச்சல் இல்லீங்கக்கா. மண்டியாவுல கபடி ரெஃபரி பரீட்சை எழுதிட்டு வர்றேன். அவருக்குத் தெரியும், வேண்டாம்னு சொன்னார். நான்தான் போனேன்" என்றேன்.

அவர் மெதுவாக, "உள்ள போ" என்றார்.

நான் உள்ளே போகவில்லை. அத்தை தன் பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில், அத்தனை பேர் நடுவில், மண்ணோடு உட்கார்ந்தேன். மணிக்கணக்கில் நின்ற கால். சைத்ரா எனக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தாள். பாஸாகிவிடுவேனா என்று அக்கா கேட்டார். தெரியாது, இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் போவேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன்.

அண்ணியை எப்போது கூட்டி வருகிறீர்கள்? டாக்டரிடம் சீட்டு வாங்க வேண்டும்.

உங்கள் தங்கை,
ஜோதிமணி